இந்தோனேசியாவின் ஒரே வரைபடம்: போட்டாயிற்று, யாருக்குக் காட்டுவது?

2010-ஆம் ஆண்டு முடியும் நேரம். ஜகார்த்தாவில் அமைச்சரவைக் கூட்டம். அதிபர் சுசிலோ பம்பாங் யுதயோனோவுக்கு இரண்டு வரைபடங்கள் காட்டப்பட்டன. இரண்டும் இந்தோனேசியாவின் காட்டைப் பற்றியவை. ஒன்று வனத்துறை அமைச்சகம் போட்டது, மற்றது சுற்றுச்சூழல் அமைச்சகம் போட்டது. ஒன்றில் பச்சையாக இருந்த இடம் மற்றதில் பச்சையாக இல்லை. காட்டியவர் குந்தோரோ மங்குசுப்ரோத்தோ. ஒரு காலத்தில் சுரங்கத் துறை அமைச்சர். 2004 சுனாமிக்குப் பிறகு ஆச்சே மாகாணத்தை மறுபடி கட்டி எழுப்பிய அமைப்பின் தலைவர். அந்தச் சமயத்தில், அதிபரின் திட்டங்கள் நடக்கின்றனவா என்று கண்காணிக்கும் யூகேபி-4 என்ற அலுவலகத்தை நடத்திக்கொண்டிருந்தவர்.

இந்த நாட்டில் காடு எவ்வளவு என்று கேட்டால், ஒரே அரசாங்கத்திலிருந்து இரண்டு பதில் வருகிறது. அதிபருக்கு இதில் சங்கடம் அதிகம். அதே ஆண்டு மே மாதம்தான் நார்வேயுடன் ஓர் ஒப்பந்தக் கடிதத்தில் கையெழுத்தாகியிருந்தது: காட்டழிவைக் குறைத்தால் 100 கோடி டாலர். எந்தக் காட்டை வைத்துக் குறைந்ததென்று கணக்குக் காட்டுவது?

அந்தக் கூட்டத்தில் பிறந்த யோசனைதான் 'சாத்து பெத்தா', அதாவது ஒரே வரைபடம். 17,000-க்கும் மேற்பட்ட தீவுகளுக்கும் எல்லா அமைச்சகங்களும் ஒத்துக்கொள்ளும் ஒரே அடிப்படை, ஒரே அளவுகோல், ஒரே தரவுத்தொகுப்பு. இந்த ஆய்வு அந்த முயற்சியைப் பற்றியது. வரைபடத்தை எப்படிப் போட்டார்கள் என்பதில் பாதிக் கதை இருக்கிறது. மீதிப் பாதி, அதை யார் பார்க்கலாம் என்பதில். வெளிநாட்டு அறிக்கைகள் பெரும்பாலும் முதல் பாதியைப் பாராட்டிவிட்டு நின்றுவிடும். எனக்கு இரண்டாவது பாதிதான் முக்கியமாகப் படுகிறது.

இரண்டு வரைபடம் எப்படி வந்தது

இந்தோனேசியாவில் 'காவாசான் ஹூத்தான்' என்று ஒரு சட்டப் பிரிவு உண்டு. வனப்பகுதி என்று பொருள். சுமார் 12 கோடி ஹெக்டேர், நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல். இங்கே ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நிலம் வனப்பகுதியாக இருக்க அதில் மரம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஊர் இருக்கலாம், வயல் இருக்கலாம், பள்ளிக்கூடம் இருக்கலாம். காகிதத்தில் கோட்டுக்கு உள்ளே இருந்தால் அது வனம். கோட்டுக்கு வெளியே அடர்ந்த மரக்கூட்டமே நின்றாலும் அது வனமல்ல.

அந்தக் கோடு எப்படி விழுந்தது? 1980-களில் மாகாணந்தோறும் அலுவலகங்கள் கூடிப் பேசி, 1:5,00,000 அளவில் ஒரு வன வரைபடத்தை ஒப்புக்கொண்டார்கள். அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 500 மீட்டர். பேனா முனை கொஞ்சம் தடிமனாக இருந்தால் ஒரு கிராமமே கோட்டுக்கு அடியில் காணாமல் போகும். பலருக்கு அப்படித்தான் போயிற்று. தாத்தா காலத்திலிருந்து ரப்பர் வெட்டிய தோட்டம் 'அரசு வனம்' என்பதை அவர்கள் தெரிந்துகொண்டது, யாரோ ஒரு கம்பெனிக்காரர் பெர்மிட்டோடு வந்து நின்றபோதுதான்.

கோட்டுக்கு உள்ளே உரிமம் கொடுப்பது வனத்துறை. வெளியே, தோட்ட நிலத்துக்கு உரிமை எழுதிக் கொடுப்பது நில அமைச்சகம். இது போதாதென்று சுஹார்த்தோ ஆட்சி விழுந்த பின் அதிகாரம் மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. மாவட்டத் தலைவரான 'புபாத்தி' நிலக்கரிச் சுரங்கத்துக்கும் செம்பனைத் தோட்டத்துக்கும் (பாமாயில் தரும் எண்ணெய்ப் பனைதான் செம்பனை) உரிமம் வழங்கலானார். தேர்தலுக்கு முன் உரிமங்கள் குவிந்ததெல்லாம் ஊரறிந்த சங்கதி. ஒவ்வோர் அலுவலகமும் தன் வரைபடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது. பக்கத்து அலுவலகத்தின் வரைபடத்தை யாரும் பார்க்கவில்லை, கேட்டாலும் கொடுக்கமாட்டார்கள். இதற்கு இந்தோனேசிய அதிகாரிகளே வைத்திருக்கும் பெயர் 'ஏகோ செக்தோரால்', அதாவது துறை அகந்தை. விளைவுக்குப் பெயர் 'தும்பாங் திண்டிஹ்': ஒரே நிலத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்த உரிமங்கள். 'தும்பாங்' என்ற சொல் மலேசியத் தமிழர்களுக்குத் தெரியும். அடுத்தவர் வண்டியில் தொற்றிக்கொண்டு போவதற்கு அங்கே அதைத்தான் சொல்வார்கள்.

முதலில் திறந்த வரைபடம்

2011 மே மாதம் ஒரு அதிபர் உத்தரவு வந்தது. இதுவரை வெட்டப்படாத முதன்மைக் காடுகளிலும் 'பீட்' எனப்படும் கரிச் சதுப்பு நிலங்களிலும் புதிய உரிமம் கொடுப்பதை நிறுத்திவைக்கும் உத்தரவு. அதோடு ஒரு வரைபடமும் இணைக்கப்பட்டது. இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திருத்தப்படும். தவறு கண்டவர் எழுதிப் போடலாம். அதுவரை வன வரைபடம் என்றாலே அலமாரிக்குள் இருப்பது என்று பழகிய நாட்டுக்கு இது புதிது.

குறைகளும் இருந்தன. ஏற்கெனவே கொடுத்த உரிமத்தை உத்தரவு தொடவில்லை. ஒரு முறை வெட்டப்பட்டு மறுபடி வளர்ந்த காடு பாதுகாப்பில் சேரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை திருத்தம் என்பதே, வேண்டிய நிலத்தை வரைபடத்திலிருந்து வெளியே எடுக்க நினைப்பவர்களுக்கும் வசதியானது. ஆனால் அப்படி வெளியே போனது என்ன என்பது எல்லோர் கண்ணிலும் பட்டது. முந்தைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் போதும். தன்னார்வ அமைப்புகள் அதைத்தான் செய்தன. 2019-இல் இந்தத் தடை நிரந்தரமாக்கப்பட்டபோது அதன் கீழ் சுமார் 6.6 கோடி ஹெக்டேர் இருந்தது.

2011-இலேயே புவித்தகவல் சட்டம் ஒன்றும் வந்தது. பழைய நில அளவை அமைப்பு 'பிக்' என்ற பெயரில் புதிதாக எழுந்து, அடிப்படை வரைபடத்துக்கு ஒரே பொறுப்பாளர் ஆனது. பிறகு ஆட்சி மாறியது. ஜோக்கோ விடோடோ வந்ததும் யூகேபி-4 கலைக்கப்பட்டது. காட்டழிவைக் குறைக்கத் தொடங்கிய தனி அமைப்பும் 2015 தொடக்கத்தில் மூடப்பட்டது. ஒரே வரைபடமும் அதோடு போய்விடும் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். போகவில்லை. 2016 பிப்ரவரியில் 9-ஆம் எண் அதிபர் ஆணையாக அது திரும்பி வந்தது: 85 வகை வரைபடங்கள், 19 அமைச்சகங்களும் அமைப்புகளும், 34 மாகாணங்கள், அளவு 1:50,000. ஆனால் பொறுப்பு பொருளாதார ஒருங்கிணைப்பு அமைச்சகத்தின் கைக்குப் போயிருந்தது. காட்டைக் காப்பாற்ற என்று தொடங்கியது, முதலீட்டுக்கு நிலச் சிக்கலைத் தீர்க்க என்று ஆனது. இந்தச் சின்ன இடமாற்றத்தைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பின்னால் நடந்தவற்றுக்கு விளக்கம் அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1:50,000 என்றால் என்ன என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர், தரையில் 500 மீட்டர். ஒரு சிறு விவசாயியின் இரண்டு ஹெக்டேர் செம்பனைத் தோட்டத்தைச் சதுரமாக வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் சுமார் 140 மீட்டர். வரைபடத்தில் அது மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு உளுந்து அளவு. பழைய வன வரைபடத்தை விட இது பத்து மடங்கு கூர்மை. இருந்தும், அரை மில்லிமீட்டர் கோடு இந்தப் பக்கம் நகர்ந்தாலே அந்தத் தோட்டத்தில் 25 மீட்டர் பட்டை வனத்துக்குள் போய்விடும். எண்ணெய்ப் பனையை ஒன்பது மீட்டர் இடைவெளியில் நடுவார்கள் என்று வைத்துக்கொண்டால் அது மூன்று வரிசை மரம்.

வேலை நான்கு கட்டமாக நடந்தது: திரட்டு, பொருத்து, முரண்பாட்டைத் தீர், பகிர். திரட்டுவதற்கே அமைச்சகங்களுடன் மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது. எல்லாவற்றிலும் பின்தங்கியது கிராம எல்லைகள். இரு ஊர்த் தலைவர்கள் உட்கார்ந்து, இந்த ஓடைதான் எல்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். ஓடை போன மழைக்கு இடம் மாறியிருக்கும். எல்லைக்கு அடியில் நிலக்கரி இருந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம்.

2018 டிசம்பர் 11 அன்று ஜோக்கோ விடோடோ வரைபடத் தளத்தைத் தொடங்கிவைத்தார்.

சாவி யாரிடம்

அதே 2018-இல் 20-ஆம் எண் அதிபர் முடிவு ஒன்றும் வந்திருந்தது. ஒரே வரைபடத்தின் தரவை யார் பார்க்கலாம், யார் இறக்கிக்கொள்ளலாம் என்பதற்கான பட்டியல் அது. அதிபர், துணை அதிபர், அமைச்சர்கள், மாகாண ஆளுநர்கள், மாவட்டத் தலைவர்கள் என்று போகும். பொதுமக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. எட்டு ஆண்டு உழைத்துப் போட்ட வரைபடம், அதில் யாருடைய வீடும் தோட்டமும் இருக்கிறதோ அவருக்குத் தெரியாது. இத்தனைக்கும் அரசுத் தகவலை மக்களுக்குத் திறப்போம் என்று 2011-இல் திறந்த அரசாங்கக் கூட்டணியைத் தொடங்கிய எட்டு நாடுகளில் இந்தோனேசியாவும் ஒன்று. தகவல் உரிமைக்கு 2008-லேயே சட்டம் போட்ட நாடு.

அந்தச் சட்டம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. 'எச்.ஜி.யூ.' என்பது பெரிய தோட்டங்களுக்கு அரசு கொடுக்கும் நிலப் பயன்பாட்டு உரிமை. செம்பனைக் கம்பெனிக்கு இதுதான் பட்டா மாதிரி. பாரஸ்ட் வாட்ச் இந்தோனேசியா என்ற அமைப்பு, போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியான காலிமந்தானில் யாருக்கு எச்.ஜி.யூ. இருக்கிறது, எங்கே, எவ்வளவு, என்ன பயிர், எல்லைப் புள்ளிகள் எவை என்று நில அமைச்சகத்திடம் கேட்டது. அமைச்சகம் மறுத்தது. 2016-இல் தகவல் ஆணையம், கொடு என்றது. அமைச்சகம் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போனது, அங்கேயும் தோல்வி. 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அமைச்சகத்தின் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

சரி, ஜெயித்தாயிற்று, ஆவணம் வந்துவிடும் என்று நினைப்போம். வரவில்லை. கட்டண விதிகளைக் காட்டித் தள்ளிப்போடல், தனிநபர் தகவல் பாதுகாப்பு, தேச நலன் என்று ஒவ்வொரு காரணமாக வந்தது. 2019 மே மாதம் இதன் உச்சம். பொருளாதார ஒருங்கிணைப்பு அமைச்சகம் செம்பனைத் தொழிலுக்கு ஒரு கடிதம் அனுப்பியது: உங்கள் எச்.ஜி.யூ. தரவை வெளியாருக்குக் கொடுக்காதீர்கள். ஒரே வரைபடத்தை நடத்திக்கொண்டிருந்த அதே அமைச்சகம்.

எதிர்த்தரப்பின் வாதத்தை முழுக்க ஒதுக்கவும் முடியாது. கிராமத்து விவசாயியின் நில விவரத்தை ஊருக்கெல்லாம் காட்டினால் தரகர்தான் முதலில் வந்து நிற்பார். பழங்குடி ஊர்களிலும் இந்தப் பயம் உண்டு. அகில் மரம் இருக்கும் இடத்தையோ முன்னோர் புதைத்த இடத்தையோ வரைபடத்தில் வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான ஹெக்டேரை அரசிடம் உரிமையாக வாங்கிய கம்பெனிக்கும் அந்த விவசாயிக்கும் ஒரே போர்வையைப் போர்த்தினால், யார் ஒளிந்துகொள்ள அது உதவும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மேலிருந்து பார்த்தவர்கள்

2015-இல் எல் நினோ வறட்சி. நாடு முழுவதும், பெரும்பாலும் சுமத்ராவிலும் காலிமந்தானிலும், 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு பீட் நிலம். தண்ணீரை வடித்துக் காயவைத்த பீட், அடியிலிருந்து வாரக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளிகளை மூடினார்கள். உலக வங்கி இந்தோனேசியாவுக்கு ஆன நட்டத்தைச் சுமார் 1,600 கோடி டாலர் என்று மதிப்பிட்டது.

எங்கே எரிகிறது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008-லிருந்து எல்லோருக்கும் இலவசம். 2014-இல் குளோபல் பாரஸ்ட் வாட்ச் தளம் வந்த பிறகு, கைப்பேசி வைத்திருக்கும் பள்ளி மாணவன்கூட எந்தக் காடு எந்த ஆண்டு போனது என்று பார்க்கலாம். தீப்புள்ளியும் தெரியும். அந்தப் புள்ளி யாருடைய நிலத்தில் என்பதுதான் தெரியாது. புகையைத் தண்டிக்க 2014-இல் தனிச் சட்டமே போட்ட சிங்கப்பூரும் உரிம வரைபடத்துக்காகக் கேட்டுக்கேட்டு அலுத்தது. ஆசியான் நாடுகள் 2013-இல் ஒரு புகைக் கண்காணிப்பு முறைக்கு ஒப்புக்கொண்டன. அதற்கு உரிம வரைபடங்களைத் தர வேண்டும் என்ற இடத்தில்தான் சட்டச் சிக்கல் என்ற பேச்சு வந்தது.

2016 மார்ச்சில் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு, கையில் கிடைத்த உரிம எல்லைகளையெல்லாம் தீப்புள்ளிகளோடு சேர்த்து ஒரு தளமாகப் போட்டது. பெயர் 'கேப்போ ஹூத்தான்'. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவரைச் சிங்கப்பூர்த் தமிழர்களும் 'கேப்போ' என்றுதான் சொல்வார்கள். காட்டு விஷயத்தில் கொஞ்சம் மூக்கை நுழை என்று பொருள். இது சட்டப்படி சரியா என்று அரசுத் தரப்பில் கேள்வி எழுந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் அதே காலத்தில் ஜகார்த்தாவில் நடந்தது. 2014 டிசம்பரில் மாநகரப் பேரிடர் அமைப்பும் ஓர் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகமும் ட்விட்டரும் சேர்ந்து வெள்ள வரைபடம் ஒன்றைத் தொடங்கின. தெருவில் முழங்கால் தண்ணீரில் நிற்பவர் ஒரு ட்வீட் போட்டால் வரைபடத்தில் புள்ளி விழும், எல்லோரும் பார்க்கலாம். யாரும் வழக்குப் போடவில்லை, தேச நலன் பேசவில்லை. வெள்ளத் தரவால் யாருடைய உரிமமும் ரத்தாகப் போவதில்லையே. 'திறந்த தரவு' என்று ஒரே பெயரில் சொல்கிறோம். ஒரு தரவு திறக்குமா திறக்காதா என்று பார்க்க, அதனால் பணம் இழப்பவர் யார் என்று முதலில் கேட்டுவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கீழிருந்து போட்டவர்கள்

அரசின் 85 வகைகளைத் தாண்டி நாட்டில் இன்னொரு வரைபட வேலை நெடுநாளாக நடந்துவந்தது. 1990-களிலிருந்தே 'அடாட்' சமூகங்கள், அதாவது வழக்காற்று உரிமையில் நிலத்தை வைத்திருக்கும் மக்கள், தங்கள் எல்லையைத் தாங்களே அளந்தார்கள். முதலில் பெரியவர்கள் தரையிலோ தாளிலோ குன்று, ஓடை, சுடுகாடு என்று வரைவார்கள். அப்புறம் இளைஞர்கள் ஜிபிஎஸ் கருவியோடு எல்லையை நடந்து சுற்றுவார்கள். பக்கத்து ஊர்க்காரர்களும் கூட நடக்க வேண்டும், இல்லாவிட்டால் பிறகு தகராறு. மேற்குக் காலிமந்தானில் 'தெம்பாவாங்' என்பார்கள்: முன்னொரு காலத்தில் பல குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்த நீளவீடு இருந்த இடத்தில் நிற்கும் பழத்தோப்பு. வீடு மட்கிப்போயிருக்கும், டுரியான் மரங்கள் நிற்கும். இந்த மரத்தை நட்டது எங்கள் கொள்ளுத்தாத்தா என்று சொல்லிப் புள்ளி குறிப்பார்கள். தாசில்தார் முத்திரை இல்லாத பட்டா அது.

2012 நவம்பரில் அடாட் மக்களின் கூட்டமைப்பான 'அமான்', இப்படிப் போட்ட 265 வரைபடங்களை, 24 லட்சம் ஹெக்டேர் அளவுக்கு, குந்தோரோவின் அலுவலகத்திடமும் புவித்தகவல் அமைப்பிடமும் கொடுத்தது. அடுத்த ஆண்டு மே மாதம் அரசியல்சாசன நீதிமன்றம் பெரிய தீர்ப்பு ஒன்றைச் சொன்னது. வனச் சட்டத்தில் 'அடாட் காடு என்பது அடாட் சமூகப் பகுதியில் இருக்கும் அரசுக் காடு' என்றிருந்த வரியிலிருந்து 'அரசு' என்ற ஒரு சொல்லை நீக்கியது. அடாட் காடு அவர்களுடைய காடு.

அந்தத் தீர்ப்பு தரையில் இறங்க மூன்றரை ஆண்டுகள் ஆயின. 2016 டிசம்பர் 30 அன்று ஒன்பது சமூகங்களுக்குச் சேர்த்து சுமார் 13,000 ஹெக்டேர் முறைப்படி கொடுக்கப்பட்டது. அதில் ஒன்று தெற்குச் சுலாவெசியில் கஜாங் மக்களின் காடு. சுமார் 313 ஹெக்டேர்தான். உள்ளே போக வேண்டுமானால் கறுப்பு உடை உடுத்த வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும். 'அம்மாதோவா' என்று அழைக்கப்படும் தலைவரின் சொல்லை மீறி மரம் வெட்டினால் அபராதம். வரைபடம் இல்லாமலே தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய காட்டுக்கு, வரைபடம் இருந்தால்தான் காகிதம் என்ற நிலை.

அடாட் நிலங்களைப் பதிவுசெய்ய மக்கள் அமைப்புகள் 2010-இல் தொடங்கிய பதிவகத்தில் 2024 வாக்கில் 3 கோடி ஹெக்டேருக்குக் கணக்கு இருந்தது. அரசு அடாட் காடாக ஏற்றுக்கொண்டது அப்போது ஏறத்தாழ 3 லட்சம். நூற்றுக்கு ஒன்று. அரசுத் தரப்புக்கு இதற்கும் பதில் உண்டு: முதலில் அந்தச் சமூகத்தை மாவட்டமோ மாகாணமோ தன் ஆணையில் அங்கீகரிக்க வேண்டும், அப்புறம்தான் அதன் நிலம் ஒரே வரைபடத்தில் ஓர் அடுக்காக, அதாவது மற்ற வரைபடங்களின் மேல் வைக்கும் இன்னொரு தாளாக, ஏறும். கம்பெனியின் உரிமம் கையெழுத்தானதும் அடுக்காக ஏறிவிடுகிறது. ஊரின் நிலம் வரிசையில் நிற்கிறது. ஒரே வரைபடத்தில் முரண்பாட்டைத் தீர்க்க உட்காரும்போது வரைபடத்தில் இருப்பவர்களுக்கிடையில்தான் பேச்சுவார்த்தை. அங்கே இல்லாத அடுக்குக்கு முரண்பாடும் இல்லை.

கணக்கு

இத்தனைக்குப் பிறகு என்ன கிடைத்தது? கிடைக்கவே இல்லை என்று சொன்னால் அநியாயம். எல்லா அடுக்குகளையும் முதன்முறையாக ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, 2019 கணக்கில் 7.73 கோடி ஹெக்டேரில் ஒன்றோடொன்று பொருந்தாத பயன்பாடு இருப்பது தெரிந்தது. நாட்டின் பரப்பில் 40 சதவீதம். இந்த எண்ணே வெளியே வந்தது ஒரு சாதனை. சில ஆண்டுகளில் அது 5.74 கோடியாக இறங்கியதாக அரசு சொன்னது. 2021-இல் வரைபட வகைகளின் எண்ணிக்கை 158 ஆக உயர்ந்தது. 2024 ஜூலையில் தளத்தின் புதிய பதிப்பு வந்தபோது பொதுமக்களுக்கும் கதவு கொஞ்சம் திறந்தது. முதன்மைக் காட்டழிவு 2016-க்குப் பிறகு பல ஆண்டுகள் இறங்கியும் இருக்கிறது. அதில் வரைபடத்தின் பங்கு எவ்வளவு, தடையின் பங்கு எவ்வளவு, மழை பெய்த ஆண்டுகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்கிறவரை நான் நம்பமாட்டேன்.

பொருத்தமின்மை எப்படித் தீர்ந்தது என்றும் பார்க்க வேண்டும். வனப்பகுதிக்குள் சுமார் 34 லட்சம் ஹெக்டேர் செம்பனை இருப்பது அரசு கணக்கிலேயே தெரிந்தது. பல சட்டங்களை ஒரே அடியில் திருத்திய 2020-இன் பெரும் தொகுப்புச் சட்டம், அபராதமோ கட்டணமோ கட்டித் தாள்களைச் சரிசெய்துகொள்ள அந்தத் தோட்டக்காரர்களுக்கு மூன்று ஆண்டு கொடுத்தது. இப்படியும் ஒரு முரண்பாடு வரைபடத்திலிருந்து மறையலாம்.

இப்போது கதவைத் தட்டுவது வெளியிலிருந்து. 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த காட்டழிவு விதியின்படி, அங்கே பாமாயில் விற்க வேண்டுமானால் அது விளைந்த நிலத்தின் இருப்பிடத்தைச் சொல்லியாக வேண்டும். ஜகார்த்தாவின் எதிர்ப்பாலும் மற்றவர்கள் கேட்டுக்கொண்டதாலும் அமலாக்கம் தள்ளித்தள்ளிப் போகிறது. விதி மட்டும் தெளிவு: நான்கு ஹெக்டேருக்கு மேல் என்றால் எல்லைக்கோடு முழுவதும், அதற்குக் கீழே என்றால் ஒரே ஒரு புள்ளி, தசமத்துக்குப் பின் ஆறு இலக்கம் வரை.

இந்தோனேசியச் செம்பனைப் பரப்பில் ஏறத்தாழ 40 சதவீதம் சிறு விவசாயிகளுடையது. 1:50,000 வரைபடத்தில் உளுந்து அளவில் தெரிகிற அந்த இரண்டு ஹெக்டேர்காரர், தோட்டத்தின் நடுவில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, தன் புள்ளியை ஆறு இலக்கத்தோடு அனுப்பிவைக்க வேண்டும். அடுத்த வரப்பில் தொடங்குகிற எச்.ஜி.யூ. எங்கே முடிகிறது என்று அவர் நில அலுவலகத்தில் கேட்டால், அதற்குத் தனியாக மனு எழுதித் தர வேண்டும்.